மெசேஜ் வந்தால்தான் பணம்

காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்களுக்குப் பதினாலு ரூம் லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. எந்த மாதிரி லாட்ஜ் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரூமுக்குள்ளேயே சமையல் மேடை, வாடகைக்கு அடுப்பும் குக்கரும் நாலு பாத்திரமும், மீன் கழுவ மொட்டைமாடியில் தனிக் குழாய். ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வந்து தங்குகிறவர்களில் பாதிக்கு மேல் வங்காளிகள். அவர்களில் பாதி பங்களாதேஷ்காரர்கள். எல்லோருக்கும் நான் 'தாதா'. அவர்கள் பாஷையில் அண்ணன். கல்யாணமான புதிதில், மாடியிலிருந்து நாலைந்து பேர் "தாதா, ஓ தாதா!" என்று என்னைக் கூப்பிடுவதைக் கேட்ட என் மனைவி, மாப்பிள்ளையைப் பற்றிச் சரியாக விசாரிக்காமல் கொடுத்துவிட்டார்களோ என்று ஒரு வாரம் தூங்கவில்லையாம்.

2025 பொங்கலுக்கு வந்திருந்த அக்கா மகனிடம் அதற்கு முந்தின ஜூலையில் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னேன். அவன் பெங்களூரில் ஏதோ மென்பொருள் வேலை. கேட்டு முடித்ததும் கரும்பைக் கடித்தபடி, "மாமா, கிரிப்டோவுக்கு இதவிட நல்ல விளம்பரம் யாராலயும் எழுத முடியாது" என்றான். நான் அதைச் சொன்னது நேர் எதிரான காரணத்துக்காக. ஃபோனுக்குள் இருக்கிற பணம் நாடு கலங்கும்போது எப்படிக் கையை விரிக்கும் என்று காட்டத்தான் சொன்னேன். ஒரே கதை, அவனுக்கு ஒரு முடிவு, எனக்கு ஒரு முடிவு. அன்றிலிருந்து இது பல்லிடுக்கில் மாட்டிய கரும்புச் சக்கை மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கொமில்லா வாத்தியார்

2024 ஜூலை முதல் வாரத்தில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பங்களாதேஷில் கொமில்லா என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. பாஸ்போர்ட் நகல் வாங்கி, வெளிநாட்டு ஆட்களுக்கான சி ஃபாரம் ஏற்றி, மூன்றாவது மாடியில் ரூம் கொடுத்தேன். கொண்டுவந்த டாலர், டெஸ்ட்டுகளிலும் வாடகையிலும் மூன்று வாரச் சாப்பாட்டிலும் கரைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆபரேஷனுக்குக் கட்ட வேண்டியதை ஊரிலிருக்கும் தம்பி அனுப்புவதாக ஏற்பாடு.

எப்படி அனுப்புவார் என்பதை மூடி மறைத்துச் சொன்னால் கதையே புரியாது. எங்கள் சந்து முனையில் வங்காள எழுத்தில் போர்டு மாட்டிய கடை ஒன்று. ரயில் டிக்கெட், விமான டிக்கெட், சிம் கார்டு, ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ. நடத்துகிறவன் மேற்கு வங்காளத்தில் மால்டா பக்கத்துப் பையன். வேலூருக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது, என்னைவிட நன்றாக "இன்னா ணா" என்பான். கொமில்லாவில் தம்பி, ஃபோனில் இருக்கும் பண ஆப்பிலிருந்து அங்கே உள்ள ஒருவர் நம்பருக்கு டாக்காவை, அதாவது அந்த நாட்டுப் பணத்தை, அனுப்புவார். அந்த ஒருவர் நம் பையனுக்கு மெசேஜ் போடுவார். பையன் மேஜை டிராயரைத் திறந்து ரூபாயை எண்ணிக் கொடுப்பான். பணம் எந்த எல்லையையும் தாண்டவில்லை. மெசேஜ் மட்டும்தான் தாண்டியது. பெயர் ஹுண்டி. சட்டம் ஒப்புக்கொள்ளாது, நானும் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி பில்லோடு நிற்கிறவனுக்கு அதைவிட வேகமான வழி யாரும் காட்டியதில்லை என்பதும் நிஜம். அப்போது நூறு டாக்கா என்பது எழுபது ரூபாய்க்குச் சற்று மேலே. பையன் அறுபத்தெட்டு கொடுப்பான்.

ஜூலை 18, வியாழக்கிழமை. சாயங்காலம் வாத்தியார் கவுன்ட்டருக்கு வந்து ஃபோனை நீட்டினார். தம்பி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். ஆப்பில் இருக்கும் இருப்பு, வங்காள எழுத்தில். நான் "எண்பத்தெட்டாயிரமா?" என்றேன். சிரித்து, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்து நாலு விரலைக் காட்டினார். நமக்கு எட்டு மாதிரித் தெரிவது அவர்களுக்கு நாலு. நாற்பத்தெட்டாயிரம் டாக்கா. நம் பணத்தில் முப்பத்திரண்டாயிரம் சொச்சம். ராத்திரி தம்பி அனுப்பிவிடுவான், நாளைக்குக் கடைக்காரனிடம் வாங்கிக்கொள்ளலாம், திங்கட்கிழமை கட்டினால் செவ்வாய் ஆபரேஷன்.

அன்று ராத்திரி பங்களாதேஷில் நெட் போய்விட்டது. மாணவர்கள் இடஒதுக்கீட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கியதும், துப்பாக்கிச் சூடும், சாவும் எல்லோரும் படித்ததுதான். அரசு முதலில் மொபைல் நெட்டை நிறுத்தியது, அப்புறம் பிராட்பேண்டும் போனது. வெள்ளி நள்ளிரவிலிருந்து ஊரடங்கு, ராணுவம். வெளிநாட்டிலிருந்து ஃபோன் அடித்தாலும் பெரும்பாலும் இணைப்பு கிடைக்கவில்லை. வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. ஞாயிறிலிருந்து செவ்வாய் வரை அரசே பொது விடுமுறை விட்டதால் பேங்கும் கிடையாது. பதினேழு கோடிப் பேர் இருக்கிற நாடு ஒன்று உலகத்தின் பார்வையிலிருந்து விளக்கணைத்த மாதிரி மறைந்துபோனது. என் லாட்ஜில் அன்றைக்கு அந்த நாட்டுக்காரர்கள் ஆறு குடும்பம். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் சிக்னல் நன்றாக வரும் என்று யாரோ சொல்லிவிட, அந்தப் படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியாரை அழைத்துக்கொண்டு கடைக்காரப் பையனிடம் போனேன். அவர் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். அவன் பார்க்கக்கூட இல்லை. "அது எனக்கும் தெரியும் ணா, துட்டு கீது. ஆனா அங்க கீது. மெசேஜ் வந்தாதான் பணம்." நான் கொஞ்சம் கோபமாகவே, "பதினஞ்சு வருஷமா பார்க்கிறே, நம்ம லாட்ஜ் ஆளுப்பா" என்றேன். டிராயரை இழுத்துக் காட்டினான். காலி. அவனுக்கும் மெசேஜ் வந்தால்தான் இன்னொருவன் பணம் கொண்டுவந்து வைப்பான். அந்த இன்னொருவனுக்கும் அப்படித்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சோப்பு போட்டுக் கழற்றிய வளையல்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாத்தியாரின் மனைவி கீழே வந்தார். அந்தம்மா என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் உள்ள வாஷ்பேசினில் கையை நனைத்து, சோப்பைக் குழைத்து, இடது கை வளையலைத் திருகித் திருகி இழுத்தார். வருஷக்கணக்காகக் கழற்றாதது போல. மணிக்கட்டில் வெளுத்த தடம். கட்டை விரல் முட்டியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. என் மனைவி போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்து மெதுவாகக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு பவுன் இருக்கும்.

மறுநாள் காலை லாங்கு பஜார் பக்கம் ஒரு சேட்டு கடை. எனக்குள் ஒரு தெம்பு இருந்தது. மெசேஜ் வராவிட்டால் என்ன, தங்கம் தங்கம்தானே. எந்த நாட்டு ராணுவம் வந்தாலும், எந்தக் கவர்மென்ட் கவிழ்ந்தாலும் அது பேசும். சேட்டு கருங்கல்லில் உரைத்துப் பார்த்து, தராசில் வைத்து, எட்டு கிராமுக்கு ஒரு பொட்டு குறைவு, இருபத்திரண்டு காரட் என்றார். அப்புறம் வாத்தியாரை நிமிர்ந்து பார்த்து, "ஆதார்?" என்றார். பாஸ்போர்ட்டை நீட்டினார் வாத்தியார். பச்சை அட்டை. சேட்டு அதை மரியாதையாகத் திருப்பித் தள்ளினார். "மன்னிச்சுக்குங்க. வெளிநாட்டு ஆளுக்கு அடகு எழுத முடியாது. நாளைக்குத் திருட்டு நகைன்னு போலீஸ் வந்தா நான் இன்னா பதில் சொல்றது?"

அந்த இடத்தில்தான் நான் நின்றுபோனேன். இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். உரைகல் தங்கம் என்று சொல்லிவிட்டது, தராசு எட்டு கிராம் என்று சொல்லிவிட்டது, இருந்தும் அது பணமாகவில்லை. பக்கத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது. அதுவும் இந்த ஊரில் செல்லுபடியாகிற பெயர். பர்ஸைத் திறந்து என் ஆதார் கார்டை எடுத்து வைத்தேன். "யார் நகை?" என்று ஃபாரத்தில் ஒரு கேள்வி. "என் சம்சாரத்தோடது" என்றேன். வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அவருக்கும் சொந்தமானது, 'சொங்ஷார்' என்று அவர்களும் சொல்வார்கள். என்ன நினைத்தாரோ, குனிந்துகொண்டார். முப்பத்தெட்டாயிரம் கிடைத்தது. ஒன்று சொல்ல வேண்டும்: நான் செய்தது புத்திசாலித்தனம் இல்லை. அப்பா இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதே செவ்வாய்தான் டெல்லியில் பட்ஜெட். தங்கத்தின் மீதான சுங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். மதியத்துக்குள் பவுனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு ஃபோனில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த அரசாங்கமும் தொட முடியாது என்று நான் முந்தின நாள் காலைதான் நினைத்திருந்தேன்.

மருமகன் கட்சி

இப்போது அக்கா மகன் சொன்னதற்கு வருகிறேன். அவன் வாதம் லேசானதல்ல. "மாமா, அந்தத் தம்பி பணத்தை அரசாங்கம் சுவிட்சு போட்டு அணைக்கிற இடத்துல வச்சிருந்தாரு. அதான் தப்பு. அதே பணம் டெதர்ங்கற கிரிப்டோ காசுல இருந்து, அந்த வாலட்டுக்குச் சாவியான பன்னிரண்டு வார்த்தை வாத்தியாருக்கு மனப்பாடமா தெரிஞ்சிருந்தா, டாக்காவுல நெட்டு இருந்தா என்ன போனா என்ன? வேலூர்ல உக்காந்து அவரே எடுத்திருப்பாரு." இதற்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னது சரிதான். பணம் இருக்கிற இடம் நாடு என்றால், நாடு இருண்டால் பணமும் இருளும். மனசுக்குள் பன்னிரண்டு வார்த்தை என்றால் எந்த எல்லையிலும் யாரும் சோதனை போட்டுப் பிடுங்க முடியாது.

அதனால்தான் ராத்திரி கவுன்ட்டரில் உட்கார்ந்து, சும்மா இருக்கிற நேரத்திலெல்லாம் இதைப் பற்றிப் படித்தேன். நாடு கலங்கியபோது டிஜிட்டல் காசுக்குப் போனவர்கள் யார், என்ன ஆனார்கள் என்று. முதலில் வருவது வெனிசுவேலா. 2018-இல் மட்டும் அங்கே பணவீக்கம் 1,30,000 சதவீதத்தைத் தாண்டியது. அவர்களுடைய மத்திய வங்கியே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் மதுரோ அரசு 'பெட்ரோ' என்று ஒரு டிஜிட்டல் நாணயத்தைக் கொண்டுவந்தது. ஒரு பெட்ரோவுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் என்றார்கள். அந்த எண்ணெய் மண்ணுக்கடியில் இருந்தது. எடுக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்த மாதமே அமெரிக்கா தன் நாட்டினர் அதைத் தொடக்கூடாது என்று தடை போட்டது. ஓய்வூதியக்காரர்களுக்கு அரைப் பெட்ரோவை போனஸாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024 ஜனவரியில் சத்தமில்லாமல் மூடிவிட்டார்கள். தன் நோட்டிலிருந்து மூன்று தடவையாகப் பதினாலு பூஜ்யத்தை அழித்த அரசு அது. நோட்டில் போன நம்பிக்கை, அதே ஆள் ஃபோனில் நீட்டினால் திரும்பி வருமா? வட்டிக்கடையில் வாக்குத் தவறியவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்த கதைதான்.

ஆனால் வெனிசுவேலாவில் கதை அங்கே முடியவில்லை, மருமகனுக்குப் பிடித்த பாதி அதற்கப்புறம்தான். ஜனங்கள் பெட்ரோவைத் தொடவில்லையே தவிர, டாலருக்குச் சமமாக ஓடும் டெதரைத் தொட்டார்கள். அரசாங்கம் சொல்லாமலே, ஃபோனுக்கு ஃபோன் மாற்றிக்கொண்டார்கள். இதுவும் நிஜம். இதற்கு நடுவில் 2019 மார்ச்சில் நாடு முழுக்க நாள்கணக்கில் கரன்ட் போனதும் நிஜம். கார்டு மெஷின் எல்லாம் செத்துக்கிடந்த அந்த நாட்களில் கடைக்காரர்கள் கேட்டது காகித டாலர். அதற்குப் பிறகுதான் டாலர் நோட்டு அங்கே கூச்சமில்லாமல் வெளியே வந்தது.

எல் சால்வடோரைப் பற்றி அவன் அரைமணி நேரம் பேசினான், நான் அரை நிமிஷத்தில் முடிக்கிறேன். 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டபூர்வப் பணமாக்கினார்கள். ஆப்பை இறக்குகிற ஒவ்வொருவருக்கும் 30 டாலர். இறக்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த முப்பதைச் செலவழித்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை. சர்வதேச நிதியத்திடம் 140 கோடி டாலர் கடன் கேட்டபோது, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, இஷ்டமிருந்தால் வாங்கலாம் என்றாக்கிவிட்டார்கள். நைஜீரியா 2021 அக்டோபரில் மத்திய வங்கியே வெளியிட்ட இ-நைராவோடு வந்தது. 2023 தொடக்கத்தில் பழைய நோட்டை வாபஸ் வாங்கி, புது நோட்டுப் போதாமல் ஜனங்கள் பேங்க் வாசலில் அடித்துக்கொண்டார்கள். டிஜிட்டல் காசுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அப்போதும் ஜனங்கள் கேட்டது நோட்டைத்தான். கடைசியில் சுப்ரீம் கோர்ட் பழைய நோட்டு செல்லும் என்றது. அதைப் படிக்கும்போது 2016 நவம்பர் ஞாபகம் வந்துவிட்டது. ஜார்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து, இடுப்பில் கட்டிய ஐந்நூறு ரூபாய்க் கட்டோடு பசியாக உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் லாட்ஜில் இருந்தார்கள். அப்பா ஒரு நீள நோட்டில் பெயரெழுதி வாடகையை நிறுத்திவைத்தார். பக்கத்து மெஸ்காரரும் அப்படியே. நாலு பேர் தவிர எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அந்த நாலு பேரின் பெயரை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

ஒரு நாட்டைப் பற்றி மட்டும் நான் மருமகன் பக்கம் சாய்கிறேன். எங்கள் லாட்ஜுக்கு பெயின்ட் அடிக்க வரும் அண்ணன் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறார். 1990-இல் சின்னப் பையனாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர். "படகுக்காரன் இலங்கை நோட்டு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டான் தம்பி, அம்மான்ர தாலிக்கொடியைத்தான் குடுத்தது" என்பார். அவருடைய உறவுகள் வவுனியாவில். 2022-இல் இலங்கை கையை விரித்து, பெட்ரோலுக்கு இரண்டு மூன்று நாள் வரிசையில் நின்றபோது, வண்டிக்கு ஒரு கியூஆர், வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று கொண்டுவந்தார்கள். அது வேலை செய்தது. வரிசை குறைந்தது. அந்த அண்ணனே சொன்னார், அவருக்கு அந்த அரசாங்கத்தைப் பாராட்ட ஒரு காரணமும் கிடையாது. ஏன் அது ஓடியது, பெட்ரோ ஏன் ஓடவில்லை? கியூஆருக்குப் பின்னால் பங்க்கில் பெட்ரோல் இருந்தது, கொஞ்சமானாலும். நாலு லிட்டர் என்றால் நாலு லிட்டர் டேங்கில் விழுந்தது.

பாட்டியின் ஆற்காட்டு ரூபாய்

இதையெல்லாம் மென்றுகொண்டிருந்தபோது பாட்டியின் வெற்றிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. அதில் ஒரு வெள்ளி ரூபாய் உண்டு. நம் ரூபாயைவிடச் சின்னது, தடிப்பு. ஒரு பக்கமும் முழு எழுத்து கிடையாது; பாரசீக எழுத்துகள் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும். நடுவில் ஒரு தாமரை. பாட்டிக்கு அது 'ஆர்க்காட்டு ரூபா'. ஆற்காட்டில் அடித்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். விசாரித்தால், தாமரை சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினி நாணயச்சாலையின் அடையாளமாம். நவாபிடம் உரிமை வாங்கிக்கொண்டு கும்பினி தன் ஊரில் அடித்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் 1736-இல் உரிமை வாங்கி, பிறைக் குறி போட்டு அடித்தார்கள். ஆற்காட்டு ரூபாயில் பெரும்பங்கு ஆற்காட்டைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்று, அதில் இருக்கும் பெயர் டெல்லி மொகலாய பாதுஷா இரண்டாம் ஆலம்கீர். அவரை 1759-இலேயே கொன்றுவிட்டார்கள். அதற்குப் பின் ஐம்பது அறுபது வருஷம் கழித்தும் கும்பினி அதே பெயரை, அதே ஆறாம் ஆட்சியாண்டை அச்சில் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பாதுஷா இல்லை, நவாபுக்குக் கழுத்துவரை கடன், நம்ம பக்கமெல்லாம் சண்டை. ஆற்காட்டை கிளைவ் பிடித்தது, ஹைதர் அலி பிடித்தது என்று நாடு பம்பரமாகச் சுற்றிய காலம். அந்த ரூபாய் மட்டும் ஓடியது. எங்கே வரை ஓடியது என்று படித்தபோதுதான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். கிழக்கு வங்காளம் வரை. டாக்கா நகரத்தின் துணி வியாபாரத்தில் புழங்கியது ஆற்காட்டு ரூபாய். கொமில்லா வாத்தியாரின் முப்பாட்டன் நம்ம ஊர்ப் பெயர் போட்ட ரூபாயை மடியில் முடிந்திருக்கலாம்.

வெள்ளி இருந்ததால் ஓடியது என்று ஒரு வரியில் முடித்துவிடலாமென்றால், அதுவும் முழுக்கச் சரியில்லை. எந்த ரூபாயும் முகமதிப்புக்கு எல்லா ஊரிலும் போனதில்லை. ஊர் மாறினால் சராப்பு ஒருவர் உட்கார்ந்திருப்பார். தட்டிப் பார்ப்பார், உரைப்பார், எந்த நாணயச்சாலை, எந்த வருஷம் என்று பார்த்து, 'வட்டம்' என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு உள்ளூர்க் காசு கொடுப்பார். கலங்கிய நாட்டில் அந்த வட்டம் பெரிதாகும். சந்து முனைப் பையன் எழுபத்தொன்றுக்கு அறுபத்தெட்டு கொடுப்பதும், சேட்டு ஐம்பத்துநாலாயிரம் பெறும் பவுனுக்கு முப்பத்தெட்டு கொடுத்ததும் அந்த வட்டத்தின் பேரப்பிள்ளைகள்தான். மருமகனின் பன்னிரண்டு வார்த்தைக்கும் ஒரு சராப்பு வேண்டும். வேலூரில் வாத்தியார் டெதரை நீட்டினால் ரூபாயாக எண்ணிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவர் ஊர் மத்திய வங்கி கிரிப்டோ கூடாது என்கிறது. நம் ஊரில் லாபத்துக்கு 30 சதவீதம் வரி, விற்றால் 1 சதவீதம் பிடித்தம், அதற்கும் ஆதார், பான், இந்தியப் பேங்க் கணக்கு. கடைசியில் அவர் மறுபடியும் என் கவுன்ட்டருக்குத்தான் வந்திருப்பார், என் பெயரைக் கேட்டு.

இதை மருமகனுக்கு ஃபோனில் சொன்னேன். "அது கிரிப்டோ தப்பு இல்ல மாமா, சட்டத்தோட தப்பு" என்றான். இருக்கலாம். ஆனால் நாடு கலங்கும்போது முதலில் கலங்குவதே சட்டம்தானே என்றேன். "நீங்க எப்பவும் லாட்ஜுக்காரர் மாதிரியே யோசிக்கிறீங்க" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல, லாட்ஜுக்காரன்தான்.

நூறு டாக்கா

பங்களாதேஷில் 23-ஆம் தேதி ராத்திரி பிராட்பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மொபைல் நெட் 28-ஆம் தேதி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கடைக்காரப் பையன் தெருவிலிருந்தே, "தாதா! உங்க வாத்தியாருக்கு மெசேஜ் வந்துட்ச்சி!" என்று கத்தினான். அவன் என்னைத் தாதா என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். அறுபத்தைந்து கணக்கில் கொடுத்தான். நான் முறைத்தேன். "பத்து நாள் கட காஞ்சி கெடந்துச்சி ணா" என்றான். குறைந்ததை வாத்தியார் கையிலிருந்த மிச்சத்தைப் போட்டுச் சரிக்கட்டி, சேட்டிடம் வட்டியோடு கட்டி, வளையலை மீட்டோம். அந்தம்மா அதைத் திரும்பக் கையில் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 2 காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டேன். 5-ஆம் தேதி, அங்கே பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா நாட்டை விட்டு இந்தியா வந்துவிட்டார். நல்லபடியாக வீடு சேர்ந்தோம் என்று வாத்தியாரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அதற்கப்புறம் விசா இறுகிவிட்டது. எங்கள் சந்தில் மீன்கடை ஒன்று மூடினார்கள். மொட்டைமாடிக் குழாய் துருப்பிடித்துப்போய், போன மாதம் மாற்றினேன்.

கிளம்பும்போது வாத்தியார் என் பையன் கையில் ஒரு நூறு டாக்கா நோட்டைத் திணித்துவிட்டுப் போயிருந்தார். ஹசீனாவின் அப்பா முஜிபுர் ரஹ்மான் படம் போட்டது. கவுன்ட்டர் டிராயரில் கிடந்தது. 2025 ஜூனில் அங்கே முஜிப் படம் இல்லாத புது நோட்டுகள் வருகின்றன என்று படித்ததும், இது இனி செல்லுமா என்று தெரிந்துகொள்ளச் சந்து முனைக்குப் போனேன். பையன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பழையதும் ஓடும், தடையில்லை என்றான்.

"எவ்வளவு குடுப்பே?"

"ஐம்பது."

"இன்னாப்பா, அறுபத்தெட்டு இல்ல உன் ரேட்டு?"

"அது மெசேஜ் ரேட்டு ணா. இது நோட்டு. இத யாரு தூக்கினு பார்டருக்குப் போறது?"